தெரெஸ் என்ற லத்தீன் பெயரடை: பொருள் காணவும் மொழிபெயர்க்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஜூலியஸ் சீசரின் தோற்றத்தை வரலாற்றாசிரியர் சூயெத்தோனியுஸ் ஒரே வாக்கியத்தில் அடுக்குகிறார்: நெடிய உயரம், வெளுத்த நிறம், 'தெரெதிபுஸ் மெம்ப்ரிஸ்', சற்றே நிறைந்த முகம், கருத்துத் துடிக்கும் கண்கள் (சீசர் வரலாறு, 45). லத்தீன் படிக்க வருபவர்களோடு சில ஆண்டுகளாக உட்கார்ந்து வாசிக்கிறேன். 'தெரெதிபுஸ்' (தெரெஸின் ஒரு வடிவம்) வரும் இந்த இடத்தில் இடறாமல் போனவர் குறைவு. ஒருவர் அகராதியின் முதல் பொருளை எடுத்துக்கொண்டு 'உருண்டையான உறுப்புகள்' என்று எழுதுவார். இன்னொருவர் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பார்த்து 'அழகான உடல்' என்பார். முதல்வர் கையில் சீசர் குண்டாகிவிடுகிறார். இரண்டாமவர் கையில் அவருக்கு உருவமே இல்லை.

தெரெஸ் அழகைச் சொல்லும் சொல் அல்ல, பருமனைச் சொல்லும் சொல்லும் அல்ல. நீளவாக்கில் உருண்டு, மேற்பரப்பில் வழவழத்து இருக்கும் வடிவத்தைத்தான் அது சொல்கிறது. இந்தப் பொருளுக்குப் பொருத்தமான சொற்கள் தமிழில் இருக்கின்றன. ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போவதால்தான் அவை கைக்கு எட்டாமல் போகின்றன. கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். ஐந்தாம் படியை முதலில் செய்தவர்கள்தான் அதிகம் திருத்த வேண்டியிருந்தது.

ஒரு குறிப்பு: லத்தீன் சொற்களைத் தமிழெழுத்தில் தருகிறேன். தெரெஸ், தெரெதிஸ் இரண்டிலும் வரும் 'த'வைப் 'பத்து' என்பதில் வருவதுபோல வன்மையாகவே ஒலியுங்கள். அகராதியில் தேட டி, ஈ, ஆர், ஈ, எஸ் என்ற ஐந்து எழுத்துகள் போதும்.

1. தொடங்கும் முன் வேண்டியவை

மூன்றாம் டிக்ளென்ஷன் (வேற்றுமை வாய்பாடு) பெயரடைகள் ஓரளவு கைவந்திருக்க வேண்டும். வராதவர்கள் முதலில் அதை ஒரு வாரம் படித்துவிட்டு வாருங்கள். வடிவம் தெரியாமல் பொருளைத் தேடினால் இரண்டும் சேர்ந்தே குழம்பும்.

அகராதி: 1879-இல் வெளியான லூயிஸ்–ஷார்ட் அகராதி டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு சொல் எந்த ஆசிரியரிடம், எந்த வரியில் வருகிறது என்று அது சொல்லும். நமக்கு வேண்டியது அந்த வரி எண்கள்தான். 1968 முதல் 1982 வரை பகுதி பகுதியாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு லத்தீன் அகராதி நூலகத்தில் கிடைத்தால் அதையும் பாருங்கள். மியூனிக்கில் 1894-இல் தொடங்கிய பேரகராதிப் பணி இன்னும் டி எழுத்தை எட்டவில்லை. அதில் தேடி நேரம் போக்க வேண்டாம்.

ஒரு நோட்டுப் புத்தகம். பக்கத்தை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் 'எந்தப் பெயர்ச்சொல்லோடு வருகிறது', வலப்பக்கம் 'அந்தப் பொருள் கண்ணுக்கு எப்படித் தெரியும்' என்று தலைப்பிடுங்கள். தமிழ்ப் பொருளை இப்போது எழுதாதீர்கள். ஒருமுறை எழுதிவிட்டால், பிறகு வரும் எல்லா வரிகளையும் அதற்குள் திணிக்கத்தான் மனம் போகும்.

2. முதலில் வடிவத்தைப் பிடியுங்கள்

தெரெஸ் ஒற்றை முடிவுப் பெயரடை. ஆண்பால், பெண்பால், அஃறிணைப்பால் மூன்றுக்கும் எழுவாய் ஒருமையில் அதே வடிவம். மற்ற வேற்றுமைகளில் 'தெரெத்–' என்ற அடி வெளிப்படும்: ஜெனிடிவ் (ஆறாம் வேற்றுமை போன்றது) தெரெதிஸ், அக்யூசடிவ் (இரண்டாம் வேற்றுமை போன்றது) தெரெதெம், அப்லடிவ் (ஐந்தாம் வேற்றுமை போன்றது) தெரெதி, பன்மையில் தெரெதேஸ்.

இங்கே மூன்று இடங்களில் கால் வழுக்கும்.

ஒன்று, அஃறிணைப்பால். 'தெரெஸ்' என்று பார்த்ததும் ஆண்பாலோ பெண்பாலோ என்று தேடுவார்கள். ரோமக் கவிஞர் கதுல்லுஸின் திருமணப் பாடலில் (61) மணமகளைக் கைப்பிடித்து அழைத்துவரும் சிறுவனிடம், அவளுடைய 'பிராக்கியோலும் தெரெஸ்' அதாவது திரண்ட சிறு கையை விட்டுவிடு என்று சொல்கிறார்கள். பிராக்கியோலும் அஃறிணை. அக்யூசடிவிலும் தெரெஸ் மாறாமல் நிற்கிறது.

இரண்டு, 'தெரெதிஸ்' என்ற வடிவம். கவிஞர் ஹொராதியுஸின் எபோது (ஒருவகைப் பாடல்) 11, வரி 28-இல் 'தெரெதிஸ் புவெரி' என்று வருவது ஜெனிடிவ் ஒருமை: 'திரண்ட மேனியுள்ள ஓர் இளைஞனின்'. வெர்கிலியுஸின் ஈனெயிது காவியத்தின் 6-ஆம் நூல், வரி 207-இல் 'தெரெதிஸ் த்ருங்கோஸ்' என்று வருவதோ அக்யூசடிவ் பன்மை: 'உருண்ட அடிமரங்களை'. பழைய வழக்கில் அக்யூசடிவ் பன்மை 'ஈஸ்' என்று முடியும். கூட நிற்கும் பெயர்ச்சொல்லைப் பார்க்காமல் தெரெதிஸை மட்டும் வைத்து முடிவெடுத்தால் பாதி நேரம் தவறும்.

மூன்று, இதே ஐந்து எழுத்தில் ஒரு வினைச்சொல்லும் இருக்கிறது: 'நீ தேய்ப்பாய்'. ரோம எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். தமிழெழுத்தில் எழுதினால் வேறுபாடு உடனே தெரிந்துவிடும். பெயரடை தெரெஸ், கடைசி உயிர் குறில். வினை தெரேஸ், கடைசி உயிர் நெடில். லத்தீன் படிக்கும் தமிழர்கள் பாடத்தைத் தமிழெழுத்திலும் ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். குறில் நெடில் நமக்குப் பழகிய காது. ரோம எழுத்து அதை மறைக்கிறது, நம் எழுத்து காட்டுகிறது.

ஐயம் வந்தால் யாப்பைக் கேளுங்கள். ஹொராதியுஸின் அங்கத வரி (2.7.86) 'தோதுஸ் தெரெஸ் அத்க்வே ரொதுந்துஸ்' என்று முடிகிறது. அந்தச் சீருக்கு ஒரு நெடில், இரண்டு குறில் வேண்டும்: 'துஸ்–தெ–ரெஸ்'. அடுத்த சொல் உயிரில் தொடங்குவதால் 'ரெஸ்' குறிலாகவே நிற்கிறது. அங்கே வினைச்சொல்லை வைத்தால் சீர் உடையும்.

3. வேரைப் பாருங்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள்

பெயரடையின் வேர் 'தெரோ' என்ற வினை: தேய், அரை, உரசு, கதிர் அடி. தேய்த்துத் தேய்த்து மூலை போய், வழவழத்து உருண்டது தெரெஸ். அகராதியில் 'உருண்ட' என்ற பொருளை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்த வழவழப்புத் தெரியாமலே போய்விடும். அதற்காகத்தான் இந்தப் படி.

தமிழில் 'கடைதல்' இதற்கு மிக அருகில் நிற்கிறது. தச்சர் கடைசல் இயந்திரத்தில் கட்டிலின் காலைக் கடையும்போது நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு மூலைக் கட்டை சுழன்று சுழன்று உளியில் உரசி, மூலை உதிர்ந்து, கை வைத்தால் வழுக்கும்படி வெளியே வருகிறது. கட்டையின் நீளம் அப்படியே இருக்கும். மாறியது அதன் சுற்றளவின் வடிவம்.

வேர் வழிகாட்டும், ஆனால் முடிவு சொல்லாது. இதற்கு நல்ல எச்சரிக்கை 'ஒபேசுஸ்' என்ற சொல். பிற்காலத்தில் அது 'கொழுத்த' என்றே பொருள்பட்டது. ஆனால் அதன் வேர் 'அரித்துத் தின்' என்ற வினை. தின்னப்பட்டு மெலிந்தது என்ற நேரெதிர்ப் பொருளில் லாயெவியுஸ் என்ற பழைய கவிஞர் அதைக் கையாண்டதை ஔலுஸ் கெல்லியுஸ் குறித்துவைத்திருக்கிறார். வேரை மட்டும் நம்பி மொழிபெயர்த்தால் கொழுத்தவரை எலும்புக்கூடாக்கிவிடுவோம். ஆகவே அடுத்த படியைத் தவிர்க்க முடியாது.

4. உடலுக்குப் போகும் முன் பொருள்களைச் சேகரியுங்கள்

மனித உடலை வருணிக்கும் வரிகளில் கவிஞரின் ஆசையும் மரபும் கலந்திருக்கும். மரமும் ஈட்டியும் கயிறும் அப்படியல்ல. அவை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். அதனால் சொல்லின் எல்லை அங்கேதான் தெளிவாகத் தெரியும். நோட்டின் இடப்பக்கத்தில் கீழ்க்கண்டவற்றை எழுதுங்கள்.

அடிமரம்: மேலே சொன்ன ஈனெயிது 6.207. குளிர்காலக் காட்டில் மரத்தைச் சுற்றிப் புல்லுருவி மஞ்சள் தளிர் விடுகிறது.

கவணின் வார்: ஈனெயிது 11.579. சிறுமி கமில்லா கவணைத் தலையைச் சுற்றிச் சுழற்றுகிறாள்.

வலையின் கயிறு: ஹொராதியுஸ், ஓது (பாடல்) 1.1.28. காட்டுப்பன்றி அறுத்துக்கொண்டு ஓடும் வலை. நன்றாக முறுக்கிய கயிறு என்பது இங்கே கருத்து.

மார்க்கச்சு: கதுல்லுஸ் 64.65. கரையில் கைவிடப்பட்ட அரியாத்னேயின் மேனியிலிருந்து நழுவும், முறுக்கித் திரித்த பட்டை.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது வரலாற்றாசிரியர் லிவியுஸ் தரும் ஈட்டி (21.8). கி.மு. 219-இல் ஹன்னிபால் சகுந்தும் நகரை முற்றுகையிட்டபோது நகரத்தார் எறிந்த ஃபலாரிகா என்ற படைக்கலத்தை அவர் வருணிக்கிறார். ஊசியிலை மரத்தாலான காம்பு. இரும்பு நீட்டிக்கொண்டிருக்கும் முனையைத் தவிர மற்ற இடமெல்லாம் தெரெஸ். முனைப்பகுதி மட்டும், ரோமரின் பீலும் ஈட்டியில் உள்ளதுபோல, 'குவாத்ராதும்', அதாவது சதுரப்பட்டை. அந்தப் பட்டையில் சணல் சுற்றிக் கீல் பூசுவார்கள். இரும்பின் நீளம் மூன்று அடி.

இந்த ஒரு வாக்கியம் அகராதிப் பக்கத்துக்குச் சமம். ஒரே கழியின் இரு பகுதிகளைப் பிரித்துக்காட்ட லிவியுஸ் தெரெஸுக்கு எதிராகச் சதுரத்தை நிறுத்துகிறார், மெலிவை அல்ல. ஆகவே தெரெஸ் என்பது குறுக்குவெட்டைப் பற்றிய சொல். குறுக்கே வெட்டினால் வட்டம் தெரிய வேண்டும், நெடுக்கே பார்த்தால் நீளம் தெரிய வேண்டும். பழைய ரோம அகராதியாளர் ஃபெஸ்துஸும் 'நீளவாக்கில் உருண்டது' என்றுதான் விளக்கம் தருகிறார்.

நோட்டின் வலப்பக்கத்தில் நம் ஊர்ப் பொருள்களை வைத்துச் சோதியுங்கள். உலக்கை தெரெஸ். வாழைத்தண்டு தெரெஸ், வழவழப்பும் சேர்ந்திருப்பதால் மிகப் பொருத்தம். பூசணிக்காய் அல்ல, நீளம் இல்லை. முருங்கைக்காய் அல்ல, வரிவரியாகப் பட்டை இருக்கிறது. பனைமரம் உருண்டு நீண்டதுதான், ஆனால் சொரசொரப்பு இடிக்கிறது. இந்தச் சோதனையை நீங்களே பத்துப் பொருள்களுக்குச் செய்து முடித்துவிட்டுத்தான் அடுத்த படிக்கு வர வேண்டும். பத்து நிமிட வேலை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. இரண்டாம் படியில் பார்த்த ஹொராதியுஸ் வரியில் ஞானியை 'தெரெஸ் அத்க்வே ரொதுந்துஸ்' என்கிறார். அங்கே நினைவில் இருப்பது பந்து போன்ற கோளம், நீளம் இல்லை. காரணம் அடுத்த வரியிலேயே இருக்கிறது: வழவழப்பின் மேல் வெளியிலிருந்து எதுவும் வந்து ஒட்டி நிற்க முடியாதபடி. அதாவது உருண்டை என்பதை ரொதுந்துஸ் சொல்லிவிடுகிறது, வழவழப்பை தெரெஸ் சொல்கிறது. இரண்டும் ஒரே பொருள் என்றால் இரண்டையும் எழுத வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

5. இப்போது உடலுக்கு வாருங்கள்

உடலில் இந்தச் சொல் எங்கே அமர்கிறது என்று வரிசையாகப் பாருங்கள். கழுத்து: லுக்ரேதியுஸ் 1.35, வீனஸின் மடியில் சாய்ந்து அண்ணாந்து பார்க்கும் போர்க்கடவுள் மார்ஸ். ஒவிதியுஸின் உருமாற்றங்கள் 10.113, வளர்ப்பு மானின் கழுத்தில் தொங்கும் மணிமாலை. கை: கதுல்லுஸின் மணமகள். கெண்டைக்கால்: ஹொராதியுஸ், ஓது 2.4.21. கைகால்கள் மொத்தமும்: சீசர்.

எல்லாம் நீண்ட உருளை வடிவ உறுப்புகள். இந்த வரிகளில் வயிறு இல்லை, தலை இல்லை. ஹொராதியுஸின் அந்த ஓதை நிறுத்தி வாசியுங்கள். நண்பன் விரும்பும் பணிப்பெண்ணைப் பற்றி, 'கைகளையும் முகத்தையும் தெரெஸான கெண்டைக்கால்களையும் மனம் கலங்காமல் புகழ்கிறேன், நாற்பதைத் தொட்டுவிட்டவனைச் சந்தேகிக்காதே' என்கிறார். மூன்று உறுப்புகளில் பெயரடை கெண்டைக்காலோடு மட்டும்தான் ஒட்டுகிறது. முகத்தோடு ஒட்டவில்லை. இலக்கணமும் அதைத்தான் சொல்கிறது, உருவமும் அதைத்தான் சொல்கிறது.

மரத்துக்கும் காலுக்கும் ஒரே சொல் என்பதற்குச் சான்று வேண்டுமானால் ஒவிதியுஸிடம் போங்கள் (உருமாற்றங்கள் 11.80). புராணப் பாடகன் ஓர்ஃபெயுஸைக் கொன்ற பெண்களை மதுக்கடவுள் பாக்குஸ் மரமாக்குகிறான். விரல் எங்கே, பாதம் எங்கே என்று ஒருத்தி தேடும்போதே, தன் தெரெஸான கெண்டைக்கால்களில் மரம் ஏறி வருவதைப் பார்க்கிறாள். காலும் அடிமரமும் ஏற்கெனவே ஒரே வடிவம் என்பதால்தான் அந்த மாற்றம் நம் கண்ணுக்கு நம்பும்படி நிகழ்கிறது. இங்கே 'அழகிய கால்கள்' என்று மொழிபெயர்த்தால் அந்த வரியே செத்துவிடும். இதை நான் பலமுறை சொல்ல வேண்டியிருந்திருக்கிறது, ஒவ்வொரு முறையும் மனது வலிக்கும்.

இனி சூயெத்தோனியுஸ். ஒரே ஆசிரியர் பல உடல்களை வருணிக்கும்போது அவருடைய அளவுகோல் முழுவதும் நமக்குக் கிடைத்துவிடுகிறது. நீரோ (51): கழுத்து 'ஒபேசா', வயிறு முன்தள்ளியது, கால்கள் 'கிராகில்லிமிஸ்', அதாவது மிகமிக மெலிந்தவை. கலிகுலா (50): பெருத்த உடல், கழுத்திலும் கால்களிலும் கடும் மெலிவு. தொமிதியான் (18): பிற்காலத்தில் வழுக்கை, தொப்பை, மெலிந்த கால்கள்.

கவனியுங்கள். கழுத்து கொழுத்திருந்தால் அவர் ஒபேசுஸ் என்கிறார். கால் குச்சியாக இருந்தால் கிராகிலிஸ் என்கிறார். முகம் நிறைந்திருந்தால், சீசருக்கே, 'பிளேனுஸ்' என்ற வேறு சொல்லை அதே வாக்கியத்தில் எடுக்கிறார். பருமனைச் சொல்லும் சொற்கள் கையிலேயே இருந்தும் சீசரின் கைகால்களுக்கு அவற்றைத் தொடவில்லை. அப்படியானால் தெரெஸ் நிற்பது கொழுப்புக்கும் மெலிவுக்கும் நடுவில்: எலும்பு துருத்தவில்லை, சதை தொங்கவில்லை, உறுப்பு உருண்டு திரண்டு ஒரே ஓட்டமாக இருக்கிறது. பேரரசர்களின் உடற்குறைகளைக் கொட்டித் தீர்க்கும் ஆசிரியர் ஒருவர் இப்படி எழுதியிருப்பது கவனத்துக்குரியது.

இன்னொரு தவறும் இங்கேயே. 'மெம்ப்ரா' என்பதை 'உறுப்புகள்' என்று எழுதினால் தமிழ் வாசகர் ஈரல், இதயம் வரை போய்விடுவார். இங்கே கைகால்கள்தான்.

6. தமிழில் எழுதும் படி

இப்போதுதான் நோட்டில் தமிழ்ச் சொல் எழுத வேண்டும். என் முதல் தேர்வு 'திரண்ட'. 'திரண்ட தோள்' என்று சொல்லும்போது குண்டு என்ற எண்ணமும் வராது, ஒல்லி என்ற எண்ணமும் வராது. 'உருண்டு திரண்ட' என்று இரட்டித்தால் வடிவம் இன்னும் தெளிவாகும். 'உருண்டையான' வேண்டாம், அது லட்டுக்கும் பந்துக்கும் உரியது. 'வட்டமான' வேண்டாம், அது தட்டையானது.

ஒரே சொல்லை எல்லா இடத்திலும் ஒட்டவும் வேண்டாம். 'திரண்ட' தனியாக நின்றால் கூட்டம் திரண்டது, பணம் திரண்டது என்று மனம் வேறு பக்கம் போகும். கண்ணுக்குத் தெரியும் ஓர் உறுப்போடு சேர்த்தே எழுதுங்கள். ஈட்டிக் காம்புக்கு 'உருளையாகச் சீவிய' என்பது நேராகப் புரியும். கயிற்றுக்கு 'முறுக்கேறிய'. மரத்துக்கு 'உருண்டு நெடிய'. மணமகளின் சிறு கைக்கு 'வழவழத்த' என்ற பக்கத்தைத் தூக்கலாம், அங்கே வெர்கிலியுஸின் மரத்தைவிட மென்மை கூடுதல்.

'கடைந்தெடுத்தாற்போன்ற' என்பது வேருக்கு மிக நெருங்கியது. கெண்டைக்காலுக்கு அழகாகப் பொருந்தும். ஆனால் 'போன்ற' என்பதை விட்டுவிட்டு 'கடைந்தெடுத்த' என்று நிறுத்தாதீர்கள். பேச்சுவழக்கில் அதற்குப் பின் 'அயோக்கியன்' வருவதுதான் பழக்கம், வாசகரின் காதில் அது ஒலிக்கும்.

என் நோட்டில் சீசர் வரி இப்படி நிற்கிறது: 'நெடிய உயரமும் வெளுத்த நிறமும் திரண்ட கைகால்களும் சற்றே நிறைந்த முகமும் கருத்துத் துடிக்கும் கண்களும் அவருக்கு இருந்தன என்பார்கள்.' கடைசி 'என்பார்கள்' முக்கியம். சூயெத்தோனியுஸ் தாமே பார்த்ததாகச் சொல்லவில்லை, வழிவழியாகச் சொல்லப்படுவதாகத்தான் தொடங்குகிறார்.

7. மருத்துவம், தாவரவியல் மாணவர்களுக்கு

லத்தீன் பக்கமே வராதவர்களும் இந்தச் சொல்லை நாள்தோறும் சொல்கிறார்கள். மருத்துவக் கல்லூரி முதலாண்டில் 'டெரிஸ் மேஜர்', 'டெரிஸ் மைனர்' என்று மனப்பாடம் செய்வது இதுதான். இரண்டும் தோள்பட்டை எலும்பின் வெளிவிளிம்பிலிருந்து மேற்கை எலும்புக்குப் போகும் உருண்டு நீண்ட தசைகள். மேஜர் என்றால் பெரியது, மைனர் என்றால் சிறியது. பொருள் தெரிந்தபின் அவற்றைப் படத்தில் தேடுவது எளிது: தட்டையான விசிறித் தசைகளுக்கு நடுவே கயிற்றுத் திரளாகத் தெரிபவை அவை.

எனக்கு மிகப் பிடித்த சான்று முன்கையில் இருக்கிறது. உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பும் தசைகள் இரண்டு: ப்ரொனேட்டர் டெரிஸ், ப்ரொனேட்டர் குவாட்ரேட்டஸ். முதலாவது முழங்கை அருகே திரண்டு நீண்டது, இரண்டாவது மணிக்கட்டு அருகே தட்டையான சதுரம். ஃபலாரிகா ஈட்டியில் லிவியுஸ் எதிரெதிரே நிறுத்திய அதே இரண்டு சொற்கள். இதைச் சொன்னபிறகு எந்த மாணவரும் அந்த இரண்டு தசைகளை மாற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஈரலில் 'லிகமெண்டம் டெரிஸ்' இருக்கிறது. கருவில் இருந்தபோது தொப்புள்கொடியிலிருந்து இரத்தம் கொண்டுவந்த சிரை, பிறந்தபின் அடைபட்டுக் கயிறாகிப்போனது அது. லிகமெண்டம் அஃறிணை, தசையின் பெயரில் மறைந்திருக்கும் 'முஸ்குலுஸ்' ஆண்பால். இரண்டுக்கும் வடிவம் மாறாததற்குக் காரணம் இரண்டாம் படியில் பார்த்த ஒற்றை முடிவு. அந்த நாண் பதிந்திருக்கும் ஈரல் பிளவின் பெயர் 'ஃபிஸ்ஸூரா லிகமெண்டி தெரெதிஸ்'. அங்கே ஜெனிடிவ் வந்ததும் மறைந்திருந்த 'தெரெத்–' அடி வெளியே தெரிகிறது. இதை 'டெரிஸிஸ்' என்று எழுதிய விடைத்தாளைப் பார்த்திருக்கிறேன். எழுதியவர் மேல் தவறில்லை, அடி ஒன்று இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

தாவரவியலில் தட்டையாக விரியாமல் பென்சில்போல உருண்டு நீளும் இலைக்கும் தண்டுக்கும் இதே பெயரடை. பாப்பிலியோனாந்தே தெரெஸ் என்ற ஆர்க்கிட் இலை அப்படித்தான். சிங்கப்பூர் 1981-இல் தேசிய மலராக அறிவித்த 'மிஸ் ஜோக்கிம்' ஆர்க்கிட்டின் பெற்றோர் இரண்டில் ஒன்று அதுவே. சிங்கப்பூரில் இருப்பவர்கள் பூவைப் பார்த்தது போதும், அடுத்தமுறை இலையை விரலால் உருட்டிப் பாருங்கள்.

8. உருவகமாக வரும் இடங்கள்

இதைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், உடற்பொருள் உறுதியான பிறகுதான் இது விளங்கும். ரோமப் பேச்சாளர் கிகெரோ, ஆதென்ஸ் நகரத்தார் காதுகளை 'தெரெதேஸ்' என்கிறார் (பேச்சாளர், 28). உருண்டையான காதுகள் என்று எழுதிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. பிசிறு ஏதும் பொறுக்காத, இழைத்துப் பழகிய காது என்பதுதான் பொருள். பேச்சாளரைப் பற்றிய இன்னொரு நூலில் (3.199) ஒரு நடையை 'நிறைந்தது, ஆயினும் தெரெஸ்' என்கிறார். அந்த 'ஆயினும்' நம் ஐந்தாம் படியை உறுதிப்படுத்துகிறது: நிறைவு வேறு, தெரெஸ் வேறு, இரண்டும் ஒன்றாக இருப்பது எடுத்துச் சொல்ல வேண்டிய செய்தி. தமிழில் 'இழைத்த', 'பிசிறற்ற' என்று எழுதலாம்.

9. தனியாக ஒரு வரி செய்து பாருங்கள்

ஈனெயிது 8, வரி 630 முதல் 634 வரை. கேடயத்தில் செதுக்கிய காட்சி: குகையில் கிடக்கும் பெண் ஓநாய், அதன் மடியைச் சுற்றி அச்சமின்றி விளையாடும் இரட்டைக் குழந்தைகள். 'தெரெதி கெர்விகே ரெஃப்லெக்ஸா' என்று வருகிறது. விடையைப் படிக்கும் முன் நீங்களே எழுதுங்கள்.

வடிவம்: தெரெதி, அப்லடிவ் ஒருமை, 'கெர்விகே' என்ற பெண்பால் கழுத்தோடு சேர்கிறது. மூன்று சொல்லும் சேர்ந்து 'கழுத்தைத் திருப்பி' என்ற ஒரே சூழலைச் சொல்கின்றன. ஓநாயோடு நேரடியாகச் சேர்த்து 'திரண்ட ஓநாய்' என்று எழுதியிருந்தால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

பொருள்: இது லுக்ரேதியுஸின் மார்ஸ் கழுத்தை நினைவூட்டும் சொற்றொடர், அங்கே 'சாய்த்து', இங்கே 'திருப்பி'. இந்தக் குகையும் மார்ஸுடையதுதான். 'கொழுத்த கழுத்து' என்று எழுதியிருந்தால் நீரோவின் கழுத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

தமிழ்: 'திரண்ட கழுத்தைப் பின்னால் வளைத்து, மாறி மாறி இருவரையும் வருடி, நாவால் நக்கி அவர்கள் மேனியை வடிவாக்கியது.' கடைசித் தொடரில் தெரெஸ் இல்லை. ஆனால் தேய்த்துத் தேய்த்து வடிவம் கொடுக்கும் செயல் அங்கே நாக்கால் நடந்துகொண்டிருக்கிறது.